நல்லா இருக்குன்னு சொல்லலாமா?

ஜூன் 12

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. மொட்டுவின் அப்பாவைச் சென்ற ஆண்டு மணந்துகொண்டவள் நான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது “ஒரு நிமிஷம், கூப்பிடுறேன்” என்று சொல்லும் குரல் என்னுடையதுதான்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் பேசும்போது மொட்டு ரிசீவரை ஒட்டிக்கொண்டே நிற்கிறாள், அவள் காதில் விழாமல் எதுவும் பேச முடியாது. விலாசத்தை அவர்தான் கொடுத்தார். கொடுத்துவிட்டு, மாடியில் துணி காய்ந்துவிட்டதா பார்க்கிறேன் என்று போனார். அன்றைக்கு நான் துணியே துவைக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன், பதற வேண்டாம். போன வாரம் பள்ளியில் விளையாட்டு நேரத்தில் மொட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். தலை சுற்றுகிறது என்றிருக்கிறாள். டாக்டரிடம் காட்டினோம். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். ரத்தம் குறைவாக இருக்கிறது என்றார். டானிக் எழுதிக் கொடுத்துவிட்டு, “இது பாதி வேலைதான் செய்யும்மா, மீதி பாதி தட்டுல இருக்கு. கீரை, பருப்பு, முட்டை, காய், பழம். ஏழு வயசுப் பிள்ளை வெறும் பிஸ்கட்ல ஓட முடியுமா?” என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

அவள் சாப்பிடுவது வெறும் ரொட்டி, வெள்ளைச் சோறு, பிஸ்கட். அவ்வளவுதான். நான் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். கேரட்டை நட்சத்திரமாக வெட்டினேன். நட்சத்திரங்களைத் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்கி வைத்தாள், பார்க்க அழகாகத்தான் இருந்தது. பீட்ரூட்டைத் துருவி ரொட்டி மாவில் ஒளித்தேன், பிய்த்துப் பார்த்துவிட்டு, “இது ஏன் வெக்கப்படுது?” என்று கேட்டாள். நில அளவை பார்ப்பவரின் மகள் அல்லவா, தட்டில் சோற்றுக்கும் காய்க்கும் நடுவே எல்லை போட்டிருக்கிறாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பருக்கைகூட இந்தப் பக்கம் வரக் கூடாது.

உங்களிடம் அவள் என்ன சாப்பிட்டாள்? எப்படிக் கொடுத்தீர்கள்? தெரிந்தால் அப்படியே செய்கிறேன். கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
மொட்டுவின் வீட்டிலிருந்து


ஜூலை 1

வணக்கம்.

கடிதம் வந்தது. என் மகள் என்னிடம் எல்லாமே சாப்பிட்டாள்.

முட்டையை நன்றாக வேக வைக்க வேண்டும், நடுவில் குழைந்திருந்தால் தொட மாட்டாள். சாப்பாட்டுக்கு முன்னால் பால் கொடுக்காதீர்கள், வயிறு நிரம்பிவிடும். கீரையைத் தண்டோடு போடாதீர்கள். மிரட்டாதீர்கள். கெஞ்சவும் வேண்டாம்.

சிறிய மசிப்பான் ஒன்று இருந்தது, அதில் மசித்தால் பருப்பு நைசாக வரும். அடுப்புக்கு வலது பக்கத்து இழுப்பறையில் இருக்க வேண்டும். நேராக இழுத்தால் அது திறக்காது. அடியில் கை கொடுத்துத் தூக்கி இழுக்க வேண்டும்.

இங்கே ஊழியர் விடுதியில் ஓர் அறையில் மூன்று பேர் இருக்கிறோம், குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. அதனால்தான் அவள் அங்கே இருக்கிறாள், வேறு காரணம் எதுவும் இல்லை. எனக்குத் தனி வீடு கிடைத்ததும் அவளை அழைத்துக்கொள்வேன். இது அவள் அப்பாவுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

மொட்டுவின் அம்மா


ஜூலை 19

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் பதில் போட்டதே பெரிய விஷயம்.

அந்த இழுப்பறையை நான் ஆணியடித்து மூடியது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவரைக் கேட்டபோது, “அது திறக்காது, விட்டுடு” என்றார். வீட்டையே அளந்து கட்டியவருக்கு அது தெரியவில்லை. அடியில் கை கொடுத்துத் தூக்கினேன், சமர்த்தாக வந்தது. உள்ளே மசிப்பான், காய் துருவி, பிடி வளைந்த ஒரு குட்டிக் கரண்டி, காய்ந்துபோன கிராம்பு கொஞ்சம். சத்தம் கேட்டு மொட்டு வந்து எட்டிப் பார்த்தாள். “இதெல்லாம் இங்கயா இருந்துச்சு!” என்று ஒவ்வொன்றாக எடுத்து மேடையில் வைத்தாள். குட்டிக் கரண்டியை வாயில் வைத்துப் பார்த்தாள், வெறுமனே. பிறகு எல்லாவற்றையும் இருந்தபடியே உள்ளே வைத்துவிட்டாள்.

முட்டையை நீங்கள் சொன்னதுபோல் நன்றாக வேக வைத்தேன். ஒரு கடி கடித்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “போதும்” என்றாள். பருப்பும் அப்படித்தான். தொட்டுப் பார்க்கிறாள், ஏதோ யோசிக்கிறாள், தள்ளி வைக்கிறாள். பிடிக்காத பிள்ளை முகத்தைச் சுளிக்கும். இவள் சுளிப்பதில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை.

நான் மிரட்டவில்லை. கெஞ்சினேன், அது உண்மை.

இப்படிக்கு,
மொட்டுவின் வீட்டிலிருந்து


ஆகஸ்ட் 8

வணக்கம்.

முதலில் ஒரு சின்னச் சிக்கல். “உங்கள் வீட்டுக்காரர்” என்று எழுத எனக்குக் கை வரவில்லை. “அவர்” என்று எழுதினால் உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். அதனால் இனிமேல் “சர்வேயர்” என்றே எழுதுகிறேன். ஊரே அப்படித்தானே கூப்பிடுகிறது.

மதிய வேலை முடிந்து இதை எழுதுகிறேன். என் வேலை என்னவென்று சர்வேயர் சொன்னாரோ இல்லையோ. முதியோர் இல்லத்தில் நர்ஸ். பெயர்தான் நர்ஸ், பாதி நேரம் ஊட்டுவதுதான் வேலை. இங்கே ஒரு பழைய தலைமையாசிரியர் இருக்கிறார். கரண்டி பக்கத்தில் வந்ததும் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வார். “சார், இந்த ஒரு வாய்” என்று தினமும் அவரிடம் மன்றாடுகிறேன். யார் யாருக்கோ ஊட்டுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்த அன்று அவர் வாயைத் துடைத்துவிட்டபோது, மொட்டுவின் வாயைக் கடைசியாக எப்போது துடைத்தேன் என்று கணக்குப் போட்டேன்.

மொட்டு என்னிடம் எல்லாமே சாப்பிட்டாள் என்று எழுதியிருந்தேன். அது அத்தனை சுலபமாக நடக்கவில்லை. ஒரு வயதில் அவளும் அந்தத் தலைமையாசிரியர் மாதிரிதான். சமையலறை ஜன்னலுக்கு வெளியே பஸ் நிறுத்தம் தெரியும் அல்லவா? மேடையில் அவளை உட்கார வைத்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஊட்டுவேன். பஸ் வந்தால்தான் வாய் திறப்பாள். சிவப்பு பஸ்ஸுக்குப் பூசணி மசியல். பச்சை பஸ்ஸுக்குக் கீரை. பள்ளிக்கூட வேன் வந்தால் பருப்பு. பஸ் தாமதமானால் நாங்கள் இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டு காத்திருப்போம். ஒருநாள் பஸ்காரர்கள் வேலைநிறுத்தம். நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் சர்வேயர் கீழே இறங்கி, சிவப்புத் துண்டைப் போர்த்திக்கொண்டு தெருவில் வாயாலேயே ஹாரன் அடித்தபடி ஓடினார். எதிர்வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார். மொட்டு ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டாள்.

இதை நினைத்தே ரொம்ப நாளாயிற்று. நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்த ஆள்தான் பின்னால் என்னிடம் பேச்சையே நிறுத்தியவர் என்று நம்ப முடியவில்லை. நானும்தான் நிறுத்தினேன், அது வேறு கதை.

சமையலறைச் சுவர் இன்னும் மஞ்சள்தானா? கடையில் வெளிர் மஞ்சள் என்றுதான் சொன்னோம். அடித்த பிறகு பார்த்தால் கண் கூசியது. மாற்றலாம் மாற்றலாம் என்று அப்படியே விட்டுவிட்டோம். காலை வெயில் அதில் படும்போது நன்றாகத்தான் இருக்கும்.

பஸ்ஸைக் காட்டிப் பாருங்கள்.

மொட்டுவின் அம்மா


செப்டம்பர் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். மஞ்சள் இன்னும் இருக்கிறது, கண்ணும் இன்னும் கூசுகிறது. மாற்றலாமா என்று வந்த புதிதில் கேட்டேன். சர்வேயர் மொட்டுவைப் பார்த்தார், மொட்டு “வேண்டாம்” என்றாள். அத்தோடு விட்டுவிட்டேன்.

இப்போது பஸ் நம் தெருவில் வருவதில்லை. ஒருவழிப் பாதை ஆக்கிவிட்டார்கள், நிறுத்தத்தில் பழக்கடை போட்டிருக்கிறார்கள். ஆனாலும் உங்கள் கடிதத்தில் இருந்ததை மொட்டுவிடம் சொன்னேன். அவள் மேடையில் ஏறி உட்கார்ந்து, அப்பா துண்டு போர்த்திக்கொண்டு ஓடியதைத் தானே பார்த்ததுபோல் எனக்கு நடித்துக் காட்டினாள். “நான் அப்போ குட்டிப் பாப்பா, ஆனா எனக்கு ஞாபகம் இருக்கு” என்றாள். இருக்காது, இருந்தாலும் தலையாட்டினேன். இந்த ஒரு வருஷத்தில் அவள் என்னோடு இவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

அதே உற்சாகத்தில் பூசணி சூப் வைத்தேன். மூன்று கரண்டி குடித்தாள். நாள் முழுக்க மற்றவர்கள் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. அவள் கண்ணில் ருசி தெரிந்தது. நாலாவது கரண்டியை எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பேசியதை அப்படியே எழுதுகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன்.

“நல்லா இல்லையா?” என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம் என்னடா கண்ணு?”

“முழுசா சாப்பிட்டா நல்லா இருக்குன்னு ஆயிடும். ஞாயித்துக்கிழமை அம்மா கேப்பாங்க.”

“கேட்டா நல்லா இருக்குன்னு சொல்லு.”

“சொன்னா அம்மா ஒண்ணும் பேச மாட்டாங்க. நல்லா இல்லன்னு சொன்னாத்தான் அம்மா குரல் சந்தோஷமா இருக்கும். ஆனா நான் பொய் சொல்ல மாட்டேன்ல? அதான் சாப்பிடல. சாப்பிடலன்னா தெரியலன்னு சொல்லிடலாம்.”

சொல்லிவிட்டுக் கிண்ணத்தைத் தொட்டியில் கொண்டுபோய் வைத்தாள்.

இதை நான் சர்வேயரிடம் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன். உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை, தயவுசெய்து நம்புங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

இப்படிக்கு,
மொட்டுவின் வீட்டிலிருந்து


செப்டம்பர் 20

கடிதம் கிடைத்தது.

என் குழந்தையிடம் நான் என்ன கேட்க வேண்டும், எந்தக் குரலில் பேச வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். வாரத்தில் ஒருநாள், அதுவும் பத்து நிமிஷம். எனக்கென்று இருப்பது அது மட்டும்தான். உங்களுக்கு மீதி எல்லா நாளும் இருக்கிறது. சமைக்கத் தெரியாததற்கு என் போனைக் காரணம் சொல்லாதீர்கள்.

இனிமேல் எழுத வேண்டாம்.


அக்டோபர் 15

அன்புள்ள அம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். குழந்தையின் உடம்பு பற்றியது என்பதால் இந்த ஒருமுறை மட்டும். மொட்டுவுக்கு நான்கு நாள் காய்ச்சல் இருந்தது, விட்டுவிட்டது. திரும்ப ரத்தம் எடுத்தார்கள். முன்னைவிட ஒன்றும் கூடவில்லை. டானிக்கை மாற்றியிருக்கிறார்கள். காய்ச்சலில் உங்களைத்தான் கூப்பிட்டாள். பக்கத்தில் நான் இருந்தேன், பார்த்துக்கொண்டேன்.

பதில் வேண்டாம்.


நவம்பர் 10

வணக்கம்.

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் சொன்னதை நீங்கள் கேட்கவில்லை, நீங்கள் சொன்னதை நானும் கேட்கப் போவதில்லை.

காய்ச்சலில் பக்கத்தில் இருந்ததற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

அந்தத் தலைமையாசிரியரைப் பார்க்க சனிக்கிழமைகளில் அவர் மகள் வருவாள். நல்ல பெண், கை நிறையப் பழம் வாங்கி வருவாள். போன மாதம் நான் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன், கொஞ்ச நாளாக ஒழுங்காக வாய் திறக்கிறார். மகள் வந்து நின்று, “என்னப்பா, நான் ஊட்டுறதைவிட இவங்க ஊட்டுறது நல்லா இருக்கோ?” என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். கிழவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். அந்தப் பெண் முகத்தில் ஒரு சின்ன சந்தோஷம் வந்து போனது. ஒரு நொடிதான், அவளுக்கே தெரிந்திருக்காது. கரண்டியைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றிருந்ததால் எனக்குத் தெரிந்தது.

உங்கள் கடிதத்தைப் படித்தபோதே எனக்குத் தெரியும், மொட்டு சொன்னது சரி என்று. அதனால்தான் அவ்வளவு கோபம்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் போன் செய்தேன். “என்னடா சாப்பிட்டே?” என்று கேட்டேன். வழக்கம்போல “ரொட்டி” என்றாள்.

“சித்தி வேற எதுவும் பண்ணலையா?”

“பண்ணாங்க. கீரை.”

“அய்யோ, கீரையா! எனக்கு இங்க கீரையே கிடைக்கிறதில்ல தெரியுமா? எப்படி இருந்துச்சுன்னு நீ சொன்னாத்தான் உண்டு. நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லு, எனக்கு அதைக் கேக்கவே ஆசையா இருக்கு.”

இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, மெதுவாக, “நிஜமாவா?” என்றாள்.

“நிஜமா.”

“கோச்சுக்க மாட்டியே?”

“நான் ஏன்டா கோச்சுக்கப் போறேன்?”

“அப்போ… அன்னிக்கு ஒருநாள் பூசணி சூப் நல்லா இருந்துச்சும்மா. ரொம்ப நல்லா இருந்துச்சு.”

எத்தனை நாளாக அதை வைத்துக்கொண்டிருந்தாளோ. போனை வைத்துவிட்டுத் துணி துவைக்கும் அறைக்குப் போனேன். அங்கே படுக்கை விரிப்புகளை மடிக்கிற சாக்கில் யாரும் அழலாம், யாரும் கேட்க மாட்டார்கள். எனக்குப் பொறாமை இல்லை என்று எழுத மாட்டேன். இருக்கிறது. ஆனால் அது அவள் தட்டில் விழ வேண்டாம்.

அந்த சூப்பை எப்படி வைத்தீர்கள்?

மொட்டுவின் அம்மா


ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

இப்படிக் கூப்பிடலாமா என்று கேட்கவில்லை, கூப்பிட்டுவிட்டேன்.

சூப்பில் ரகசியம் ஒன்றும் இல்லை. பூசணியை வதக்காமல் தோலோடு அடுப்பில் சுட்டு, உள்ளிருப்பதை வழித்து எடுத்து மசித்தேன். உங்கள் மசிப்பானில்தான்.

நீங்கள் பேசிய அன்று மொட்டு போனை வைத்துவிட்டு நேரே சமையலறைக்கு வந்து, “கீரை மிச்சம் இருக்கா?” என்று கேட்டாள். எனக்குக் கை ஓடவில்லை. சூடு பண்ணக்கூட விடவில்லை, நின்றபடியே சாப்பிட்டாள். இப்போதெல்லாம் ஞாயிறு வந்தால் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொன்றையும் ருசி பார்க்கிறாள். “இது எப்படி இருக்குன்னு சொல்றது? மொறுமொறுன்னா, கறுக்குமொறுக்குன்னா?” என்று என்னிடம் வார்த்தை கேட்கிறாள். பீன்ஸ் மட்டும் இன்னும் ஆகாது. “கோச்சுக்காதீங்க, இது நிஜமாவே நல்லா இல்ல” என்றாள். எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா அக்கா? பிடித்ததைப் பிடித்தது என்றும் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றும் சொல்லத் துணிந்துவிட்டாள்.

என்னையும் சித்தி என்று கூப்பிடுகிறாள். அதற்கு முன்பெல்லாம் “இங்க பாருங்க” என்றுதான் கூப்பிடுவாள், நீங்கள் போனில் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்.

ரத்தம் ஏறிவிட்டது. டாக்டர் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “என்னம்மா பண்ணீங்க?” என்றார். “ஒரு போன் பண்ணோம்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

உங்களுக்குத் தனி வீடு கிடைத்துவிட்டது, கோடை விடுமுறையில் வந்து அழைத்துப் போவீர்கள் என்று சர்வேயர் சொன்னார். நல்ல செய்தி. அவள் உடம்பு தேறிய நேரத்தில் கிடைத்திருக்கிறது.

இரண்டு வருஷத்தில் அவள் பழக்கம் கொஞ்சம் மாறியிருக்கிறது, அங்கே போனதும் நீங்கள் திண்டாடக் கூடாது. இப்போது முட்டையில் மஞ்சள் கருவைத்தான் முதலில் தின்கிறாள், வெள்ளையை உப்புத் தொட்டுப் பிறகு. பழத்தை வெட்டி வைத்தால் தொட மாட்டாள், முழுசாகக் கையில் கொடுத்தால் கடித்துத் தின்பாள். பருப்பு அதிகம் மசிய வேண்டாம், பல்லில் பட வேண்டும். முன்பல் ஒன்று ஆடுகிறது, அதனால் கேரட்டை ஆவியில் வேக வைத்துக் கொடுங்கள். சமைக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதியைச் சமையலிலேயே தின்றுவிடுவாள், தட்டில் குறைந்தால் கவலைப்படாதீர்கள். மாலையில் பசி தாங்க மாட்டாள். அப்போது பிஸ்கட் கண்ணில் படக் கூடாது.

இன்னும் என்னென்னவோ எழுதலாம்போல் இருக்கிறது. அவள் துணிகளை இப்போதே எடுத்து வைக்க ஆரம்பிக்கட்டுமா, நீங்கள் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

சித்தி


மே 22

அன்புள்ள தங்கச்சிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். என் பக்கத்து இருக்கை வழி முழுக்கக் காலியாகவே இருந்தது. நான் கிளம்பும்போது நீ ஒன்றும் கேட்கவில்லை. ஏன் அவளை விட்டுவிட்டுப் போகிறாய் என்று சர்வேயர்கூட வாய்விட்டுக் கேட்டார். உன்னால் கேட்க முடியவில்லை, எனக்குப் புரிந்தது. நேரில் சொல்ல எனக்கும் முடியவில்லை.

அழைத்துப் போகத்தான் வந்தேன். அதில் மாற்றமே இல்லாமல்தான் வாசலில் செருப்பைக் கழற்றினேன்.

முதல் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது மொட்டு எனக்குத்தான் முதலில் பரிமாறினாள். “அம்மா, நீ விருந்தாளி. நீதான் முதல்ல” என்றாள். என் கையால் மஞ்சள் அடித்த சமையலறையில் நான் விருந்தாளி. சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன். பூசணி சூப் நல்லா இருந்தது. நான் எத்தனை முறை வைத்தும் உன் பக்குவம் வரவில்லை.

மறுநாள் காலையில் அவள் மேடையில் ஏறி உட்கார்ந்து உன்னிடம் வாயடித்துக்கொண்டிருந்தாள். விழுந்துபோன பல்லைப் பற்றி ஏதோ பெரிய கதை. நீ அந்தப் பக்கம் திரும்பி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாய். அவள் காலை ஆட்டியதும், நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி, கொதிக்கிற பாத்திரத்தின் பிடியை உள்பக்கம் திருப்பி வைத்தாய். நீ அதைச் செய்ததே உனக்கு நினைவிருக்காது. நான் கதவருகே நின்றிருந்தேன்.

அப்போதும் நான் மனசை மாற்றிக்கொள்ளவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா?

மூன்றாம் நாள் நீ கடைக்குப் போயிருந்தாய். அவள் முட்டை தின்றுகொண்டிருந்தாள். மஞ்சள் கருவை முடித்துவிட்டு வெள்ளையில் உப்புத் தொட்டுக்கொண்டிருந்தாள். “மொட்டு, அம்மாகூட வர்றியா? அங்கயே இருக்கலாம்” என்று கேட்டேன்.

“வரேம்மா” என்றாள். உடனே சொன்னாள், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

பிறகு முட்டையைத் தட்டில் வைத்தாள். மெதுவாகத் தள்ளி வைத்தாள்.

“ஏன்டா, சாப்பிடு.”

“போதும்மா.”

முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. நீ எழுதியிருந்தாயே, முகம் சுளிப்பதில்லை, அதுதான் புரியவில்லை என்று. அதை அன்றைக்குத்தான் நான் நேரில் பார்த்தேன். தினமும் வாய் மூடுகிறவர்களோடு இருப்பவள் நான். எது வேண்டாம் என்கிற வாய், எது வேண்டாம் என்று சொல்ல முடியாத வாய் என்று எனக்குத் தெரியாதா? என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காக அவள் வருவாள். அங்கே வந்து ரொட்டியும் பிஸ்கட்டும் தின்பாள். உன் சமையலை நினைத்துக்கொண்டு, அதை என்னிடம் சொல்லாமல் இருப்பாள்.

“மொட்டு, இப்படிப் பண்ணலாமா? நீ அங்க வர வேண்டாம், நான் இங்க வந்துடுறேன். இதே ஊர்ல, பக்கத்துத் தெருவுல இருக்கேன். கொஞ்ச நாள் ஆகும். ஆனா வந்துடுவேன்” என்றேன்.

என்னையே பார்த்தாள். “சித்தி?”

“சித்தி இங்கேயே இருப்பாங்க. நீயும் இங்கேயே இருப்ப. நானும் வருவேன்.”

மீதி முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அதைச் சொல்லும்வரை அப்படியொரு யோசனை எனக்கு இருந்ததே இல்லை. வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அன்று மாலை உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் போய் விசாரித்தேன், முதியோர் பிரிவில் நர்ஸ் தேவைப்படுகிறதாம். இங்கே என் ஒப்பந்தம் வருஷக் கடைசியில் முடிகிறது. புது வீட்டைத் திருப்பிக் கொடுப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் மரம் தெரியும், நல்ல வீடு. நாலு மாதம் இருந்தேன், போதும்.

எனக்கு ஒரு வீடு பார்த்து வை. நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். ஆனால் ரொம்பப் பக்கத்தில் வேண்டாம், சர்வேயர் குறட்டையைக் கேட்டது போதும்.

அவள் துணிகளை எடுத்து வைக்க வேண்டாம்.

அக்கா


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கடைக்கு வந்தது. ஒருவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். அவரை அட்டையின் கடைசி வரியைப் படிக்கச் சொல்லிவிட்டு நான் இதைப் படித்தேன். அவர் படித்து முடித்துவிட்டு, “மேடம், உங்களுக்குத்தான் கண்ணாடி மாத்தணும் போல, தண்ணியா கொட்டுது” என்றார்.

பாத்திரத்தின் பிடியைத் திருப்பியது எனக்கு நினைவில்லை. நீங்கள் இருந்த மூன்று நாளும் அவள் துணி அலமாரியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன், அது மட்டும்தான் நினைவிருக்கிறது.

வீடு பார்த்துவிட்டேன். இரண்டு தெரு தள்ளி, தையல்கடை மாடியில். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், காலை வெயில் வரும் சமையலறை. பகலில் கீழேயிருந்து தையல் மிஷின் சத்தம் கேட்கும், சாயங்காலம் நின்றுவிடும். குறட்டை எட்டாது, நானே உத்தரவாதம். சர்வேயரை நாங்கள் கூப்பிடவே இல்லை. டேப்பை எடுத்துக்கொண்டு தானாகப் பின்னால் வந்துவிட்டார். எல்லா அறையையும் அளந்தார். சமையலறையை மட்டும் இரண்டு தரம் அளந்துவிட்டு, “சின்னதுதான். ஆனா ரெண்டு பேர் நின்னு சமைக்கலாம்” என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு டேப்பைச் சுருட்டினார். சுவருக்கு என்ன நிறம் வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்கிறார். நீங்களே சொல்லிவிடுங்கள், நாங்கள் சொன்னால் வேறு மாதிரி வந்துவிடும்.

மொட்டு எல்லாக் கதவையும் திறந்து மூடிப் பார்த்தாள். சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே ஏதோ கணக்குப் போட்டாள்.

“சித்தி, காலையில நம்ம வீட்ல சாப்பிட்டுட்டு, ராத்திரி இங்க வந்து அம்மாகிட்ட சாப்பிடலாமா?”

“தாராளமா.”

“மாத்தி மாத்தியும் சாப்பிடலாமா?”

“உன் இஷ்டம்.”

கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தாள். பிறகு காலாட்டுவதை நிறுத்திவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

“ரெண்டு வீட்லயும் பீன்ஸ் இருக்குமா?”

இருக்கும் என்றேன். முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் அக்கா. நன்றாகச் சுளித்தாள்.

சீக்கிரம் வாருங்கள்.

தங்கச்சி